4 வயதில் கிடைத்த பெயர், 18 வயது வரை கிடைக்காத பாஸ்போர்ட்: டெசாயி, பலோடெல்லி கதை சொல்வது என்ன?

கானாவில் பிறந்த ஒருவர் பிரான்ஸுக்கு உலகக் கோப்பை வென்று கொடுத்தார். பிறகு அந்த அணிக்கே கேப்டனும் ஆனார். இத்தாலியில் பிறந்த இன்னொருவர், இத்தாலி ஜெர்சியைப் போட 18 வயது வரை காத்திருந்தார்.

முதலாமவர் மார்செல் டெசாயி. இரண்டாமவர் மரியோ பலோடெல்லி. இருவரின் வேரும் கானாவில்தான். இருவரும் ஐரோப்பியக் குடும்பங்களில் வளர்ந்தவர்கள். அந்தக் குடும்பங்களின் பெயரிலேயே உலகம் இருவரையும் அறிந்தது.

வெளிநாட்டில் பிறந்தவருக்கு எளிதாகக் கிடைத்த நாடு, அந்த நாட்டிலேயே பிறந்தவருக்கு ஏன் கிடைக்கவில்லை? பதில் கால்பந்து மைதானத்தில் இல்லை. 'தத்து' என்ற ஒரே ஒரு சட்டச் சொல்லில் இருக்கிறது. விரிவாகப் பார்க்கலாம்.

யார் இந்த ஒடென்கே அபே?

1968 செப்டம்பர் 7. கானா தலைநகர் அக்ராவில் ஒரு ஆண் குழந்தை பிறக்கிறது. வைத்த பெயர் ஒடென்கே அபே.

அந்தச் சிறுவனின் அம்மா, அக்ராவில் இருந்த பிரெஞ்சுத் தூதரக அதிகாரி ஒருவரைத் திருமணம் செய்துகொள்கிறார். அந்த அதிகாரி, மனைவியின் பிள்ளைகளையும் தன் பிள்ளைகளாகத் தத்தெடுக்கிறார். குடும்பம் பிரான்ஸுக்குக் குடிபெயர்கிறது. அப்போது ஒடென்கேவுக்கு 4 வயது.

பெயர் மார்செல் டெசாயி ஆனது. ஊர் அக்ராவிலிருந்து, பிரான்ஸின் மேற்கில் உள்ள நான்ட் நகரப் பகுதிக்கு மாறியது.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். வெளிநாட்டுத் தத்தெடுப்பு என்றதும் நம்மில் பலருக்கு ஞாபகம் வருவது அனாதை இல்லத்திலிருந்து போகும் குழந்தைதான். டெசாயி கதை அப்படி இல்லை. அம்மா கூடவே இருந்தார். அண்ணனும் கூடவே இருந்தார். மாறியது அப்பாவின் பெயரும் நாடும்தான். ஆனால் அந்த மாற்றம் சட்டப்படி, முழுமையாக நடந்தது. பின்னால் வரும் எல்லாவற்றுக்கும் அதுதான் அடித்தளம்.

அண்ணனின் மரணம்

டெசாயிக்கு முன்பே அந்த வீட்டில் ஒரு கால்பந்து வீரர் இருந்தார். டெசாயியைவிட 7 வயது மூத்த, தாய்வழி அண்ணன் சேத் அடோன்கோர். அவரும் அக்ராவில் பிறந்தவர்தான். நான்ட் கிளப்பின் மிட்ஃபீல்டராக வளர்ந்து, 1983-ல் பிரெஞ்சு லீக் பட்டம் வென்ற அணியில் இருந்தார்.

1984 நவம்பரில் நடந்த ஒரு கார் விபத்தில் சேத் இறந்துபோனார். வயது 23. அதே விபத்தில் அந்தக் கிளப்பின் இன்னொரு இளம் வீரரும் உயிரிழந்தார்.

டெசாயிக்கு அப்போது 16 வயது. அதே கிளப்பின் பயிற்சிப் பள்ளி மாணவர். அண்ணன் ஓடிய அதே மைதானத்தில் தம்பி தொடர்ந்து பயிற்சி எடுத்தார். இரண்டு ஆண்டுகளில், 1986-ல், நான்ட் சீனியர் அணியில் இடம் பிடித்தார்.

அந்தப் பயிற்சிப் பள்ளியில் அவருக்குக் கிடைத்த நெருங்கிய நண்பர் ஒருவரின் பெயரை நீங்கள் கட்டாயம் கேள்விப்பட்டிருப்பீர்கள். டிடியே டெஷாம். 1998-ல் பிரான்ஸ் கேப்டனாகவும், 2018-ல் பயிற்சியாளராகவும் உலகக் கோப்பை வென்றவர்.

ஒரே வருடத்தில் தலைகீழான வாழ்க்கை

1992-ல் டெசாயி ஒலிம்பிக் மார்சே கிளப்புக்கு மாறினார். அங்கே கேப்டன் யார்? அதே டெஷாம்.

1993 மே 26. மியூனிக்கில் சாம்பியன்ஸ் லீக் இறுதிப் போட்டி. எதிரணி இத்தாலியின் ஏ.சி.மிலன். பசில் போலி தலையால் முட்டிய ஒரே கோலில் மார்சே வென்றது. பிரெஞ்சுக் கிளப் ஒன்று ஐரோப்பாவின் பெரிய கோப்பையை வென்றது அதுதான் முதல் தடவை.

கொண்டாட்டம் நீடிக்கவில்லை. அந்த இறுதிப் போட்டிக்குச் சில நாட்களுக்கு முன் நடந்த லீக் ஆட்டத்தில், வலென்சியன் அணி வீரர்களுக்கு மார்சே தரப்பிலிருந்து பணம் போன விவகாரம் வெடித்தது. மார்சேயின் 1993 லீக் பட்டம் பறிக்கப்பட்டது. அடுத்த ஆண்டு கிளப் இரண்டாம் டிவிஷனுக்கு இறக்கப்பட்டது.

கிளப் ஆட்டம் கண்டதும் வீரர்கள் வெளியேறத் தொடங்கினார்கள். 1993 நவம்பரில் டெசாயியும் கிளம்பினார். போன இடம், சில மாதங்களுக்கு முன் தோற்கடித்த அதே மிலன்.

மிலன் பயிற்சியாளர் ஃபாபியோ கபெல்லோ ஒரு மாற்றம் செய்தார். டிஃபெண்டராகவே அறியப்பட்ட டெசாயியைத் தடுப்பாட்டக்காரர்களுக்கு முன்னால், மிட்ஃபீல்டில் நிறுத்தினார். எதிரணியின் தாக்குதலை அங்கேயே உடைப்பதுதான் வேலை.

1994 மே 18, ஏதென்ஸ். மீண்டும் சாம்பியன்ஸ் லீக் இறுதிப் போட்டி. எதிரே யோஹான் க்ரைஃப் பயிற்சியில் இருந்த பார்சிலோனா. பெரும்பாலானோர் பார்சிலோனாவுக்குத்தான் வாய்ப்பு என்றார்கள். முடிவு: மிலன் 4, பார்சிலோனா 0. நான்காவது கோல் டெசாயி அடித்தது.

அடுத்தடுத்த இரண்டு ஆண்டுகளில், இரண்டு வெவ்வேறு கிளப்புகளுக்காக ஐரோப்பாவின் முதன்மைக் கோப்பையை வென்ற முதல் வீரர் ஆனார் டெசாயி. மிலனுடன் 1994, 1996 இத்தாலி லீக் பட்டங்களும் கிடைத்தன. ரசிகர்கள் வைத்த பட்டப்பெயர் 'பாறை'.

1998: சிவப்பு அட்டையும் தங்கக் கோப்பையும்

பிரான்ஸ் சீனியர் அணியில் டெசாயி அறிமுகமானது 1993-ல். சொந்த மண்ணில் நடந்த 1998 உலகக் கோப்பையில் டெசாயி, லிலியான் துராம், லோரான் பிளாங், பிசாந்தே லிசராசு ஆகிய நால்வர் சேர்ந்த தடுப்புச் சுவர் பிரான்ஸின் பெரிய பலம்.

ஜூலை 12, இறுதிப் போட்டி. எதிரணி பிரேசில். ஜிடேன் தலையால் அடித்த இரண்டு கோல்களால் பிரான்ஸ் 2-0 என முன்னிலை. ஆட்டத்தின் 68-வது நிமிடத்தில் கஃபூவைத் தடுக்கப் போன டெசாயிக்கு இரண்டாவது மஞ்சள் அட்டை. அதாவது சிவப்பு அட்டை, வெளியேற வேண்டியதுதான்.

மீதி ஆட்டம் முழுக்க பிரான்ஸ் 10 பேரோடு ஆடியது. கடைசியில் எம்மானுவேல் பெட்டி மூன்றாவது கோலும் அடித்தார். 3-0. பிரான்ஸுக்கு முதல் உலகக் கோப்பை. உலகக் கோப்பை இறுதியில் சிவப்பு அட்டை வாங்கியும் பதக்கத்தோடு வீடு திரும்பினார் டெசாயி.

2000-ல் யூரோ கோப்பை. இறுதியில் இத்தாலியை, கூடுதல் நேரத்தில் டேவிட் த்ரெசெகே அடித்த கோலில் பிரான்ஸ் வென்றது. டெஷாம் ஓய்வு பெற்றதும் கேப்டன் பட்டை டெசாயி கைக்கு வந்தது. பள்ளி நண்பன் கையிலிருந்து பள்ளி நண்பன் கைக்கு.

2004-ல் அவர் தேசிய அணியிலிருந்து விடைபெற்றபோது ஆடியிருந்த ஆட்டங்கள் 116. அன்றைய தேதிக்கு பிரான்ஸ் அணியில் அதுதான் அதிகபட்ச எண்ணிக்கை. பிறகு துராம் அதை முந்தினார்.

'இது பிரான்ஸ் அணிதானா?'

இவ்வளவு சாதித்தவரை எல்லாரும் பிரெஞ்சுக்காரராக ஏற்றுக்கொண்டார்களா? இல்லை.

1996 யூரோ கோப்பை நடந்துகொண்டிருந்த சமயம். தேசிய முன்னணி கட்சித் தலைவர் ஜான் மரி லெ பென் பிரான்ஸ் அணியைக் குறிவைத்தார். வெளிநாட்டு வீரர்களைக் கொண்டுவந்து 'பிரான்ஸ் அணி' என்று பெயர் சூட்டுவது செயற்கையானது என்பது அவர் பேச்சின் சாரம். சில வீரர்கள் தேசிய கீதம் பாடுவதில்லை என்றும் குற்றம்சாட்டினார். அந்த அணியில் டெசாயியும் இருந்தார்.

இரண்டே ஆண்டுகளில் அதே மாதிரியான அணி உலகக் கோப்பையை வென்றது. ஜிடேனின் பெற்றோர் அல்ஜீரியாவிலிருந்து வந்தவர்கள். துராம் குவாதலூப் தீவில் பிறந்தவர். பட்ரிக் வியேரா செனகலில் பிறந்தவர். கிறிஸ்டியன் கரெம்பே நியூ கலிடோனியாக்காரர். 'கறுப்பர், வெள்ளையர், அரபியர்' எல்லாரும் சேர்ந்த பிரான்ஸ் என்று நாடே கொண்டாடியது.

அந்தக் கொண்டாட்டமும் நிரந்தரமாக இருக்கவில்லை. 2002 உலகக் கோப்பையின் தொடக்க ஆட்டம் சியோலில் நடந்தது. டெசாயி கேப்டனாக இருந்த பிரான்ஸ், உலகக் கோப்பைக்கு முதன்முறையாக வந்த செனகலிடம் 0-1 எனத் தோற்றது. அன்றைய செனகல் அணியின் 23 பேரில் 21 பேர் பிரெஞ்சுக் கிளப்புகளில் ஆடியவர்கள். ஒரு கோல்கூட அடிக்காமல், முதல் சுற்றோடு நடப்பு சாம்பியன் ஊர் திரும்பியது.

இங்கிலாந்தில் நடந்தது இதைவிட மோசம். 1998-ல் செல்சி கிளப்புக்குப் போன டெசாயி, 2000-ல் எஃப்.ஏ. கோப்பை வென்றார், பிறகு கிளப்பின் கேப்டனும் ஆனார். 2004 ஏப்ரலில் மொனாக்கோவுக்கு எதிரான சாம்பியன்ஸ் லீக் அரையிறுதியில் செல்சி தோற்றது. ஒளிபரப்பு முடிந்துவிட்டது என நினைத்து, வர்ணனையாளர் ரான் அட்கின்சன் டெசாயியைப் பற்றி மிகக் கேவலமான இனவெறி வார்த்தைகளைப் பேசினார். மைக் ஆனில் இருந்தது. மத்தியக் கிழக்கு நாடுகள் சிலவற்றில் அந்தப் பேச்சு அப்படியே ஒலிபரப்பானது. அட்கின்சன் வேலையை விட்டு விலக நேர்ந்தது.

உலகக் கோப்பை, யூரோ கோப்பை, இரண்டு சாம்பியன்ஸ் லீக். இவ்வளவு வென்றவருக்கே இதுதான் நிலை.

மறுபக்கம்: பிறந்த நாட்டிலேயே காத்திருந்த பலோடெல்லி

இப்போது இரண்டாவது கதைக்கு வரலாம்.

1990 ஆகஸ்ட் 12. இத்தாலியின் சிசிலித் தீவில் உள்ள பலேர்மோ நகரில், கானாவிலிருந்து குடியேறிய தம்பதிக்குப் பிறந்தவர் மரியோ. கைக்குழந்தையாக இருந்தபோதே குடல் பிரச்சினை, பல அறுவை சிகிச்சைகள். பிறகு குடும்பம் வடக்கே பிரெஷா பகுதிக்குப் போனது. வீட்டில் வறுமை, இடநெருக்கடி.

சமூகநலத் துறை தலையிட்டது. 3 வயதில், அதே பகுதியில் வசித்த பலோடெல்லி குடும்பத்தின் பராமரிப்பில் மரியோ ஒப்படைக்கப்பட்டார். அங்கேயே வளர்ந்தார், அந்தக் குடும்பத்தின் பெயரையே பயன்படுத்தினார்.

ஆனால் அந்தக் குடும்பம் அவரைச் சட்டப்படி தத்தெடுக்கவில்லை. நடந்தது 'ஃபாஸ்டர் கேர்', அதாவது வளர்ப்புப் பராமரிப்பு.

விளைவு? 15 வயதில் லுமெட்சானே கிளப்புக்காக மூன்றாம் நிலை லீக்கில் களமிறங்கிவிட்டார். 17 வயதில் இன்டர் மிலன் சீனியர் அணிக்கு வந்துவிட்டார். 2008-ல் யுவென்டஸுக்கு எதிராகக் கோப்பைப் போட்டியில் இரண்டு கோல் அடித்தார். இத்தாலி முழுக்க அவர் பெயர் தெரியும். ஆனால் இத்தாலியின் இளையோர் அணிகளில் அவரால் ஆட முடியவில்லை. காரணம், அவர் கையில் இத்தாலியக் குடியுரிமை இல்லை.

இடையில் 2007-ல் கானா தேசிய அணி அழைத்தது. மறுத்துவிட்டார். இத்தாலிக்குத்தான் ஆடுவேன் என்று காத்திருந்தார்.

2008 ஆகஸ்ட் 13. 18 வயது முடிந்த மறுநாள், அவர் வளர்ந்த கொன்செசியோ ஊரில் குடியுரிமை வழங்கப்பட்டது. அடுத்த சில வாரங்களிலேயே இத்தாலியின் 21 வயதுக்குட்பட்டோர் அணியில் ஆடினார். 2010 ஆகஸ்டில் சீனியர் அணிக்கும் வந்துவிட்டார்.

தத்து வேறு, வளர்ப்பு வேறு. எப்படி?

வீட்டுக்குள் பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். அதே சாப்பாடு, அதே பள்ளி, அதே 'அம்மா, அப்பா'. சட்டத்தின் முன்தான் பெரிய வித்தியாசம்.

தத்தெடுப்பு: குழந்தைக்குச் சட்டப்படி புதிய பெற்றோர் கிடைக்கிறார்கள். பெயர், வாரிசுரிமை எல்லாம் அதோடு வரும். இத்தாலியச் சட்டப்படி, 18 வயதுக்குட்பட்ட வெளிநாட்டுக் குழந்தையை ஓர் இத்தாலியர் தத்தெடுத்தால் குழந்தைக்கு இத்தாலியக் குடியுரிமை கிடைக்கும்.

வளர்ப்புப் பராமரிப்பு: இது தற்காலிக ஏற்பாடு. எத்தனை வருடம் நீடித்தாலும் சட்டப்படி பெற்றோர் பெற்றவர்கள்தான். குழந்தையின் குடியுரிமையும் அவர்களைப் பொறுத்ததுதான்.

இதில் நல்ல நோக்கமும் இருக்கிறது. வறுமை காரணமாகவோ நோய் காரணமாகவோ பிள்ளையைப் பார்த்துக்கொள்ள முடியாத பெற்றோரிடமிருந்து, அந்தப் பிள்ளையை நிரந்தரமாகப் பிடுங்கிவிடக் கூடாது என்பதே இதன் அடிப்படை. நிலைமை சீரானதும் குழந்தை வீடு திரும்பலாம். பலோடெல்லி விஷயத்தில் அந்தத் 'தற்காலிகம்' அவர் பெரியவராகும் வரை நீண்டுவிட்டது. அதுதான் சிக்கல்.

சரி, இத்தாலியில் பிறந்தாரே, அது போதாதா? போதாது. 1992-ம் ஆண்டின் குடியுரிமைச் சட்டப்படி, இத்தாலியில் பிறந்தாலே குடியுரிமை கிடைத்துவிடாது. பெற்றோரில் ஒருவராவது இத்தாலியராக இருக்க வேண்டும். வெளிநாட்டவரின் பிள்ளை என்றால், பிறந்ததிலிருந்து 18 வயது வரை இடைவிடாமல் சட்டப்படி அங்கேயே வசித்திருக்க வேண்டும். அதன் பிறகு ஒரே ஆண்டுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். பலோடெல்லி நடந்துவந்தது இந்த வழியில்தான்.

பாஸ்போர்ட் வந்ததும் எல்லாம் சரியானதா?

2009 ஏப்ரலில் யுவென்டஸ் மைதானத்தில் ரசிகர்களில் ஒரு பகுதியினர், 'கறுப்பு இத்தாலியர் என்று யாரும் கிடையாது' என்ற பொருளில் பலோடெல்லியைப் பார்த்துக் கோஷம் போட்டார்கள். அதற்குத் தண்டனையாக யுவென்டஸ் ஓர் ஆட்டத்தைப் பார்வையாளர்கள் இல்லாமல் ஆட வேண்டியதாயிற்று.

2012 யூரோ அரையிறுதி, வார்சா. ஜெர்மனியைப் பலோடெல்லியின் இரண்டு கோல்களால் இத்தாலி 2-1 என வென்றது. இரண்டாவது கோல் அடித்ததும் ஜெர்சியைக் கழற்றிவிட்டுச் சிலை மாதிரி நின்ற அந்தப் படம் உலகம் முழுக்கப் பரவியது. ஆட்டம் முடிந்ததும் அவர் நேராகப் போனது, பார்வையாளர் பகுதியில் இருந்த வளர்ப்பு அம்மாவைக் கட்டிப்பிடிக்க.

2019 நவம்பர், வெரோனா. பிரெஷா அணிக்காக ஆடிக்கொண்டிருந்தபோது கூட்டத்திலிருந்து இனவெறிச் சத்தம். பந்தைக் கையில் எடுத்து, கூட்டத்தை நோக்கி உதைத்துவிட்டு மைதானத்தை விட்டு வெளியேற நடந்தார். சக வீரர்கள் தடுத்து நிறுத்தினார்கள். ஆட்டம் சிறிது நேரம் நின்றது.

டெசாயிக்கும் பலோடெல்லிக்கும் இந்த இடத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. கையில் இருக்கும் காகிதம் மைதானத்துக்குள் நுழைய உரிமை கொடுக்கும். அவமானத்திலிருந்து அது யாரையும் காப்பாற்றியதில்லை. ஆனால் அந்தக் காகிதம் இல்லாவிட்டால் மைதானத்துக்குள் நுழையவே முடியாது என்பதும் உண்மை.

ஃபிஃபா விதி என்ன சொல்கிறது?

எந்த நாட்டுக்கு ஆடுவது என்பதில் முதல் நிபந்தனை குடியுரிமை. வேறு நாட்டுக் குடியுரிமையைப் புதிதாகப் பெற்று ஆடுபவர் என்றால், கூடுதலாகக் கீழே உள்ளவற்றில் ஏதாவது ஒன்று பொருந்த வேண்டும்.

1. அந்த நாட்டில் பிறந்திருக்க வேண்டும்.

2. பெற்ற தாய் அல்லது பெற்ற தந்தை அங்கே பிறந்திருக்க வேண்டும்.

3. தாத்தா அல்லது பாட்டி அங்கே பிறந்திருக்க வேண்டும்.

4. குறிப்பிட்ட காலம் அங்கே வசித்திருக்க வேண்டும். 10 வயதுக்கு முன்பே குடியேறியவருக்கு 3 ஆண்டுகள் போதும். அதற்குப் பின் வந்தவருக்கு 5 ஆண்டுகள்.

இரண்டாவது விதியில் 'பெற்ற' என்ற சொல்லைக் கவனித்தீர்களா? தத்தெடுத்த அப்பா எங்கே பிறந்தார் என்பது இங்கே கணக்கில் வராது. அப்படியானால் தத்துப்பிள்ளைகளுக்கு வழி? நான்காவது விதிதான். டெசாயி மாதிரி 4 வயதில் வந்த குழந்தை, இன்றைய விதிப்படியும் எளிதாகத் தகுதி பெறும்.

இன்னொரு மாற்றமும் முக்கியம். டெசாயி காலத்தில் ஒரு நாட்டின் சீனியர் அணிக்காக அதிகாரப்பூர்வப் போட்டியில் இறங்கிவிட்டால் அவ்வளவுதான், பிறகு அணி மாற முடியாது. 2020-ல் ஃபிஃபா இதைத் தளர்த்தியது. 21 வயதுக்கு முன் அதிகபட்சம் 3 ஆட்டங்கள் மட்டும் ஆடி, 3 ஆண்டுகள் கடந்திருந்தால், உலகக் கோப்பை போன்ற தொடரின் பிரதான சுற்றில் ஆடாதவர்கள் மாறிக்கொள்ளலாம்.

ஒரே வீட்டில் இரண்டு தேசங்கள் உருவாவதையும் இப்போது பார்க்கிறோம். ஸ்பெயினில் பிறந்த வில்லியம்ஸ் சகோதரர்களின் பெற்றோர் கானாக்காரர்கள். ஸ்பெயினுக்காக ஒரு நட்பு ஆட்டம் ஆடிய அண்ணன் இன்யாகி, 2022-ல் கானாவுக்கு மாறினார். தம்பி நிக்கோ ஸ்பெயின் அணியில். அதே ஆண்டு கத்தார் உலகக் கோப்பையில் இருவரும் ஆடினார்கள், வேறுவேறு ஜெர்சியில்.

2025-ல் இத்தாலி என்ன முடிவெடுத்தது?

பலோடெல்லி 18 வயதைத் தொட்டு பல ஆண்டுகள் ஓடிவிட்டன. சட்டம் மாறியதா?

2025 ஜூன் 8, 9 தேதிகளில் இத்தாலியில் பொது வாக்கெடுப்பு நடந்தது. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வந்து குடியேறிய பெரியவர்கள், குடியுரிமைக்கு விண்ணப்பிக்க 10 ஆண்டுகள் வசித்திருக்க வேண்டும் என்பதை 5 ஆண்டுகளாகக் குறைக்கலாமா என்பது கேள்வி. பெற்றோருக்குச் சீக்கிரம் குடியுரிமை கிடைத்தால், கூடவே வசிக்கும் 18 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கும் கிடைத்துவிடும். அதனால்தான் இரண்டாம் தலைமுறை இளைஞர்கள் இதற்காகத் தீவிரமாகப் பிரசாரம் செய்தார்கள்.

வாக்கெடுப்பு செல்லுபடியாக 50 சதவீதத்துக்கு மேல் வாக்குப்பதிவு தேவை. பதிவானது சுமார் 30 சதவீதம்தான். வாக்கெடுப்பு செல்லாமல் போனது. 1992 சட்டத்தின் அந்த நிபந்தனை அப்படியே நீடித்தது.

இதில் கால்பந்துக்கு என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். பலோடெல்லி மாதிரி திறமை உள்ளவருக்குக் கிளப் இருக்கிறது, வழக்கறிஞர் இருக்கிறார், 18 வயது முடிந்த மறுநாளே விழா எடுத்துக் குடியுரிமை கொடுக்க ஊர் இருக்கிறது. அதே வகுப்பில் படித்து, அதே மொழி பேசி, கால்பந்து ஆடத் தெரியாத மற்ற பிள்ளைகளுக்கு அந்த ஒரு வருட அவகாசம்தான் இருக்கிறது. நடுவில் கொஞ்ச காலம் குடும்பம் வெளிநாடு போயிருந்தாலோ, வசிப்பிடப் பதிவில் இடைவெளி இருந்தாலோ, அந்த வழியும் சிக்கலாகிவிடும்.

வெளிநாட்டுத் தத்து எல்லாமே நல்ல கதையா?

டெசாயி கதையை மட்டும் படித்தால் அப்படித்தான் தோன்றும். ஆனால் உலக அளவில் படம் வேறு.

2021-ல் நெதர்லாந்து அரசு வெளிநாட்டுத் தத்தெடுப்பை நிறுத்திவைத்தது. பழைய தத்தெடுப்புகளில் போலி ஆவணங்கள், குழந்தை கடத்தல் போன்ற முறைகேடுகள் நடந்ததை விசாரணைக் குழு உறுதி செய்ததே காரணம். அந்தக் குழு ஆராய்ந்த 5 நாடுகளில் இலங்கையும் ஒன்று. 2024-ல் சீனா, சில உறவுமுறை விதிவிலக்குகள் தவிர, தன் நாட்டுக் குழந்தைகளை வெளிநாட்டுக்குத் தத்துக் கொடுப்பதை நிறுத்தியது. 2025 மார்ச்சில் தென் கொரியாவின் உண்மை கண்டறியும் ஆணையம், அந்நாட்டின் வெளிநாட்டுத் தத்துத் திட்டத்தில் மனித உரிமை மீறல்கள் நடந்ததாக அறிவித்தது.

பெற்றவர்கள் உயிரோடு இருந்தும் 'அனாதை' என்று எழுதி அனுப்பப்பட்ட பிள்ளைகள், வளர்ந்த பிறகு தன் அம்மாவைத் தேடி ஊர் ஊராக அலைகிறார்கள். ஒரு கையெழுத்து ஒருவருக்கு நாட்டைக் கொடுத்த மாதிரி, இன்னொருவரிடமிருந்து பிறப்பின் உண்மையையே எடுத்துக்கொள்ளவும் முடியும்.

வெளிநாட்டுத் தத்தெடுப்புக்காக 1993-ல் உருவான ஹேக் உடன்படிக்கை, இதற்காகவே ஒரு வரிசையைச் சொல்கிறது. முதலில் பெற்ற குடும்பத்தோடு இருக்க வழி செய்ய வேண்டும். முடியாவிட்டால் சொந்த நாட்டிலேயே ஒரு குடும்பம் தேட வேண்டும். அதுவும் கிடைக்காதபோதுதான் வெளிநாடு.

அந்தக் கோணத்தில் பார்த்தால் டெசாயிக்குக் கிடைத்தது அரிதான அதிர்ஷ்டம். புதிய அப்பா வந்தார், பழைய அம்மா போகவில்லை. புதிய பெயர் வந்தது, பழைய பெயரை யாரும் மறைக்கவில்லை.

இப்போது டெசாயி?

செல்சிக்குப் பிறகு கத்தாரில் ஆடிவிட்டு, 2006-ல் டெசாயி ஓய்வு பெற்றார். பிறகு தொலைக்காட்சி விமர்சகர் வேலை. அதோடு அவர் திரும்பிப் பார்த்தது, 4 வயதில் விட்டு வந்த அக்ராவை.

அங்கே ஒரு விளையாட்டு வளாகம் கட்டினார். பெயர், 'லிஸி ஸ்போர்ட்ஸ் காம்ப்ளெக்ஸ்'. லிஸி என்பது எலிசபெத்தின் சுருக்கம். அவருடைய அம்மாவின் பெயர்.

2026 உலகக் கோப்பைக்கு பிரான்ஸும் தகுதி பெற்றது, கானாவும் தகுதி பெற்றது. அணிப் பட்டியல்களைப் பார்க்கும்போது, பிறந்த ஊர் ஒரு நாட்டிலும் ஜெர்சி இன்னொரு நாட்டிலும் இருக்கும் வீரர்கள் நிறையப் பேர் கண்ணில் படுவார்கள். 'இவர் எப்படி இந்த நாட்டுக்கு ஆடுகிறார்?' என்ற கேள்வியும் வழக்கம்போல வரும்.

அந்தப் பட்டியலில் இடம் பிடிக்காத ஒருவரும் இருக்கலாம். திறமை இருந்தும், வளர்ந்த நாட்டிலேயே குடியுரிமைக்காக 18 வயது வரை காத்திருக்கும் ஒரு பையன் அல்லது பெண். அந்தக் காத்திருப்பு தேவைதானா என்ற கேள்வியை 2025-ல் கையில் எடுத்த இத்தாலி, பதில் சொல்லாமலே கீழே வைத்துவிட்டது.